மெழுகு பூசி வந்த கருங்காலி, ஈட்டி (ரோஸ்வுட்) மரப் பலகைகளில் மெழுகை எப்படி அகற்றுவது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதுமா?

கடலூர் முதுநகரில் சிறிய பட்டறை வைத்துப் பெட்டிகளும் கடைசல் சாமான்களும் செய்து வருகிறேன். ஆறு பக்கமும் மெழுகு பூசிய துண்டுகள் என்னிடமும் வருவதுண்டு. உப்புத்தாளை மட்டும் முதலில் கையில் எடுக்காதீர்கள். தேய்க்கும் சூட்டில் மெழுகு இளகித் தாளை அடைத்துக்கொள்வதோடு, மரத்தின் நுண்துளைகளிலும் இறங்கிவிடும். அதன் பிறகு பசையும் பிடிக்காது, வார்னிஷும் நிற்காது. தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித் தேய்த்து நான் ஒட்டிய நகைப்பெட்டியின் மூலைகள் ஒரே மாதத்தில் விட்டுப்போய், வாங்கியவர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

மெழுகைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில் அது இளகி இழுபடும் என்பதால், விடியற்காலையில் இந்த வேலையை வைத்துக்கொள்கிறேன். கூரான இரும்புத் தகட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மர ரேகையின் போக்கிலேயே இழுத்தால், மெழுகு தேங்காய்த் துருவல் போல உதிர்ந்து வரும். பிறகு மினரல் டர்பன்டைன் என்ற பெயிண்ட் கரைப்பானில் நனைத்த பருத்தித் துணியால், துணியை மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவிடுங்கள். மரம் உலர்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் மெழுகு இருக்கிறது.

ஆனால் மெழுகை எடுப்பதைவிட, எப்போது எடுப்பது என்பதே பெரிய கேள்வி. பலகையின் பக்கங்களைவிட, ரேகைக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுனை வழியாக ஈரம் 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும். அதைத் தடுத்து வெடிப்பைத் தவிர்க்கத்தான் மெழுகு பூசுகிறார்கள். ஆகவே மெழுகு பூசிய துண்டு உள்ளே பச்சையாகவே இருக்கக்கூடும். ஒருமுறை அக்னி நட்சத்திரத்தில் வட்டமாக அறுத்த ஓர் ஈட்டி மரத் துண்டில் முழு மெழுகையும் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். நான்காம் நாள் நடுவிலிருந்து விளிம்பு வரை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. அவ்வளவு நல்ல மரத்தை அப்படி இழந்தது இன்றும் மனதை உறுத்துகிறது.

எனவே இரண்டு முனைகளிலும் மெழுகை விட்டுவிட்டு, அகலப் பக்கங்களில் மட்டும் முதலில் சுரண்டி, காற்றோட்டமுள்ள நிழலில் இடையே குச்சி வைத்து அடுக்குங்கள். ஒவ்வொரு துண்டையும் வாரம் ஒருமுறை எடைபோட்டு, தேதியையும் எடையையும் அதன் மீதே சுண்ணக்கட்டியால் எழுதிவையுங்கள். மூன்று நான்கு வாரங்கள் தொடர்ந்து எடை குறையாமல் நின்ற பிறகே முனைகளை அறுத்துத் தள்ளி வேலையைத் தொடங்கலாம். ஈட்டியில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், பசை தடவுவதற்குச் சற்று முன் இணைப்பு முகங்களை அசிட்டோனால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கருங்காலித் தூள் சிலருக்கு அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும், முகமூடி அணிந்துகொள்ளுங்கள்.