பாட்டு ஓடும்போது 'பட் பட்' என்று வெடிக்கிறது: சவுண்ட் கார்டை மாற்ற வேண்டுமா?

லேப்டாப்பில் பாட்டு கேட்டாலும், மைக்கில் பாடிப் பதிந்தாலும் இடையிடையே 'பட் பட்' என்று வெடிக்கிறது, புது சவுண்ட் கார்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். அதற்குத் தீனி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

48,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், அதாவது சாம்பிள்), 16 பிட் (சாம்பிளுக்கு 2 பைட்), ஸ்டீரியோ (இரண்டு சேனல்) என்றால் நொடிக்கு 1,92,000 பைட் ஒலித் தரவு வேண்டும். சவுண்ட் கார்டு தன் கடிகாரப்படி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. பிராசஸருக்கோ ஆயிரம் வேலை. அதனால் இரண்டுக்கும் நடுவே நினைவகத்தில் ஒரு பஃபர். குன்னூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: நகராட்சித் தண்ணீர் வருகிறபோதுதான் வரும், ஆனால் வீட்டுக் குழாயில் எந்நேரமும் வர வேண்டும், அதற்குத்தான் தொட்டி.

பிளேயர் பஃபரை நிரப்பும். கார்டு டிஎம்ஏ (நினைவகத்தை நேரடியாக அணுகும் வழி) வழியாக, பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தானே எடுத்துக்கொள்ளும். ஒரு பகுதி தீர்ந்ததும் பிராசஸருக்கு இன்டரப்ட், அதாவது 'இங்கே கவனி' என்ற சைகை போகும். டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உடனே அடுத்த பகுதியை நிரப்பச் சொல்லும். இந்த 'உடனே' கொஞ்சம் தள்ளிப்போனால் பஃபர் காலி. ஒலி அலை நடுவில் அறுந்துவிடும். உங்கள் காதில் விழுவது அந்த அறுப்புதான்.

கோத்தகிரியில் என் நண்பர் ஒருவர் வீட்டிலேயே படுகர் பாட்டுகள் பதிகிறார். அவர் வைத்திருந்த பஃபர் 128 சாம்பிள், அதாவது வெறும் 2.7 மில்லிசெகண்ட். வைஃபையை அணைத்ததும் வெடிப்பு நின்றது! வைஃபை டிரைவர் அவ்வப்போது பிராசஸரை அதைவிட அதிக நேரம் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் இழுத்தடிக்கிறது என்று பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

சரி, பஃபரை 1,024 ஆக்கிவிடலாமே? பாட்டு கேட்க, மிக்ஸிங் செய்ய தாராளமாக வையுங்கள். ஆனால் அது 21 மில்லிசெகண்ட் தாமதம். மைக்கிலிருந்து உள்ளே வர ஒருமுறை, ஹெட்போனுக்குப் போக ஒருமுறை. தன் குரலே பின்தங்கி வந்தால் பாடுகிறவர் தாளம் தப்புவார். பதிவுக்கு 256 போதும், கூடவே ஏசியோ டிரைவர் இருந்தால் நல்லது. அது எல்லா ஒலிகளையும் கலக்கும் விண்டோஸின் மிக்ஸரை ஒதுக்கிவிட்டு நேராகக் கார்டோடு பேசும். பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால் ஹெட்போன் பின்னை ஜாக்கிலேயே வைத்துத் திருகிப் பாருங்கள். இந்த மலை ஈரத்தில் பின்னில் களிம்பு பிடிக்கும். திருகும்போது சத்தம் மாறினால் பஃபர், டிரைவர் எதையும் தொட வேண்டாம், பின்னைத் துடைத்தால் போதும்.