கொரோனா காலத்தில் மும்பை மாநகராட்சி சாதாரண மக்களுக்கு உண்மையில் உதவியதா?

உதவியது என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லாவற்றையும் மாநகராட்சி தலையில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அன்று எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இடறியதும் அங்கேதான். நோய்க்கு ஒரு வாசல், அரிசிக்கு ஒரு வாசல், ஊருக்குப் போகும் பாஸுக்கு ஒரு வாசல், இறந்தவர் வீட்டுக்கு வரவேண்டிய பணத்துக்கு வேறொரு வாசல். எல்லாவற்றுக்கும் வார்டு ஆபீஸ் (மாநகராட்சியின் பகுதி அலுவலகம்) முன்னால் போய் நின்றால் கால்தான் வலிக்கும்.

நான் தாராவிக்காரன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தோல் பை தைக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறோம். நீங்கள் மும்பைக்குப் புதிதாக வந்திருப்பதாகவும், மறுபடி ஒரு தொற்று வந்தால் யாரைப் போய்ப் பார்ப்பது என்றும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாராவியில் முதல் தொற்று 2020 ஏப்ரல் 1 அன்று தெரிந்தது. அந்த நோயாளி அன்றே இறந்துபோனார். சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் 8.5 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள்; 10 லட்சம் என்பவர்களும் உண்டு. இடதுகையில் முத்திரை குத்தி, 'வீட்டிலேயே தனியாக இருங்கள்' என்று சொல்வது கட்டடங்களில் இருப்பவர்களுக்குச் சரிப்படும். பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எட்டுப் பேர் படுக்கிற வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? எங்கள் ஜி வடக்கு வார்டு (தாதரும் மாஹிமும்கூட இதே வார்டுதான்) இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அப்போது உதவி ஆணையராக இருந்தவர் கிரண் திகாவ்கர். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், நோயைத் தேடிக்கொண்டு சந்துக்குள் போவது என்று முடிவானது. பள்ளிக்கூடங்களும் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகமும் தனிமைப்படுத்தும் இடங்களாக மாறின. மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவில் 200 படுக்கைகளுடன் ஒரு தற்காலிக ஆஸ்பத்திரி எழுந்தது.

இங்கேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களையும் மாநகராட்சி சேர்த்துக்கொண்டது நல்ல யோசனை. முகம் தெரிந்த டாக்டர் வந்து கேட்டால்தான் காய்ச்சலை ஒத்துக்கொள்வார்கள். அந்நியர் வந்து கேட்டால், 'ஒன்றுமில்லை, வெயில் சூடு' என்று கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த ஏப்ரலில் ஏறத்தாழ 47,500 பேரை வீடு வீடாகப் பார்த்தார்கள். எங்கள் சந்தில் நாற்காலி போட்டு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. தோலுக்குச் சாயம் பூசுகிறவர்களின் நகம் கறுத்திருக்கும். கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டி அவர்களைக் கலங்கடிக்கும். நர்ஸம்மா சலிக்காமல், "இந்த விரல் வேண்டாம், சுண்டுவிரலைக் கொடுங்கள் அண்ணா" என்று இந்தியில் கேட்டு வாங்கி மறுபடி பார்ப்பார்.

தாராவியைப் பாராட்டி எழுதியவர்கள் எல்லாரும் பரிசோதனை, தடம் தேடல் என்று பெரிய விஷயங்களையே எழுதினார்கள். 2020 ஜூலையில் உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ்கூட எங்கள் பேட்டையின் பெயரைச் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் என்னைக் கேட்டால் பாதிச் சண்டை கக்கூஸில்தான் நடந்தது. இங்கே ஐந்தில் நான்கு பேருக்குப் பொதுக் கழிப்பறைதான். அப்படிப்பட்டவை சுமார் 450 இருக்கின்றன. ஒரே தாழ்ப்பாளைக் காலையில் எத்தனை கை தொடும் என்று நினைத்துப் பாருங்கள். முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஒரு நாளைக்குப் பலமுறை வந்து, கதவு, தாழ்ப்பாள், குழாய், சுவர் என்று அடித்துவிட்டுப் போவார்கள். இடைவெளிவிட்டு நிற்கத் தரையில் வட்டமும் போட்டார்கள். அந்த வட்டத்தில் நம் ஆட்கள் நிற்கவில்லை. தண்ணீர் டப்பாவை வைத்துவிட்டு, நிழலில் கூட்டமாகச் சேர்ந்து கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டப்பாக்கள் மட்டும் ஒழுங்காக இடைவெளி கடைப்பிடித்தன.

சித்தப்பாவைத் தனிமைப்படுத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது சித்தி அழுத அழுகை தெருவையே கூட்டிவிட்டது. போனவர் திரும்பமாட்டார் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. அவரோ மறுநாளே போன் செய்து, படுக்கை இருக்கிறது, மாத்திரை தருகிறார்கள், மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது, ரசம் மட்டும் இல்லை என்றார். அந்தக் குறைதான் எங்களுக்குத் தெம்பு கொடுத்தது.

2020 ஜூன் வாக்கில் படுக்கை ஒதுக்குவதையும் வார்டுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் எல்லாரும் 1916 என்ற ஒரே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தோம். பிறகு 24 வார்டுகளிலும் ஒவ்வொரு வார் ரூம், அதாவது கட்டுப்பாட்டு அறை. ஆய்வக முடிவு மாநகராட்சிக்கு வரும். அங்கிருந்து வார்டுக்குப் பிரிந்து போகும். வார்டிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு அழைப்பு வரும். படுக்கைக்காக நாம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின்போது, மற்ற நகரங்களில் படுக்கைக்கு என்ன பாடு பட்டார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரிசிக் கதை வேறு. மாநகராட்சி சமைத்த கிச்சடிப் பொட்டலம் கொடுத்தது. மாநில அரசின் சிவ் போஜன் சாப்பாடு 10 ரூபாயிலிருந்து 5 ரூபாய்க்கு இறங்கியது. ஆனால் ரேஷன் மாநகராட்சியின் கையில் இல்லை. மத்திய அரசு அறிவித்த தலைக்கு 5 கிலோ இலவச தானியம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்கு மட்டும். அதற்குள் வராத கேசரி நிறக் கார்டுக்காரர்களுக்கு மே, ஜூனில் தலைக்கு 3 கிலோ கோதுமை கிலோ 8 ரூபாய்க்கும், 2 கிலோ அரிசி கிலோ 12 ரூபாய்க்கும் கொடுத்தார்கள். வேலை நின்றுபோனவனுக்கு எட்டு ரூபாயும் ரூபாய்தானே. கார்டே இங்கே இல்லாத பையன்கள் நிலைமை இன்னும் மோசம். எங்கள் பட்டறையில் தங்கி வேலை செய்தவர்களின் பெயரெல்லாம் ஊர்க் கார்டில் இருந்தது. தமிழ்நாடு அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தபோது அது ஊரில் அம்மா கைக்குப் போயிற்று. பையன் இங்கே பொட்டலத்துக்கு வரிசையில் நின்றான். ஊருக்குப் போகலாம் என்றால், போலீஸ் ஸ்டேஷனில் படிவம், டாக்டர் சான்றிதழ், தமிழ்நாட்டு இ-பாஸ். படிவம் மராத்தியில் இருக்கும். எங்கள் சந்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பிக் கொடுத்தாள். எந்த அறிக்கையிலும் அவள் வரமாட்டாள்.

பணம் என்று பார்த்தால், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 2021 அக்டோபரில் உறுதியானது; மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து வருவது. பக்கத்து வீட்டு மதினியின் கணவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இறந்தார். சான்றிதழில் காரணம் மாரடைப்பு என்று எழுதியிருந்ததால், 'நமக்குக் கிடைக்காது' என்று மதினி விட்டுவிட்டார். உண்மையில் தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் இறந்திருந்தால் அது கொரோனா மரணம்தான். சான்றிதழில் அப்படி எழுதவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருந்தது. நல்லவேளையாக ஆர்டி-பிசிஆர் (கொரோனா பரிசோதனை) சீட்டை அவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். விண்ணப்பித்துப் பணமும் வந்தது. சீட்டைத் தொலைத்தவர்கள் பலர். 2022 மார்ச்சில் நீதிமன்றம் பழைய மரணங்களுக்கு 60 நாள் கெடு வைத்த பிறகு, தாமதமாக விவரம் தெரிந்து வந்தவர்களுக்கு வழி குறுகிப்போனது.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். முதலில் நீங்கள் குடியிருப்பது எந்த வார்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். காய்ச்சல், படுக்கை, ஆம்புலன்ஸ், கழிப்பறை எல்லாம் அந்த ஆபீஸ். அவசரத்துக்கு 1916 இன்றும் மாநகராட்சியின் பேரிடர் எண்தான். கார்ப்பரேட்டரை (நம் ஊர்க் கவுன்சிலர்தான்) மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் இங்கே தேர்தலே நடக்கவில்லை. பரிசோதனைச் சீட்டு, அட்மிஷன் தாள், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

ரேஷனுக்கு ரேஷன் ஆபீஸ்தான். தமிழ்நாடு 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் சேர்ந்துவிட்டதால், ஆதார் இணைந்த ஊர்க் கார்டை வைத்து மும்பைக் கடையில் கைரேகை போட்டு வாங்கலாம். ஆனால் அது முன்னுரிமைக் கார்டுகளுக்கு மட்டும். உங்கள் ஸ்மார்ட் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்று அச்சிட்டிருக்கிறதா, என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்றா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டாவது என்றால் அது இங்கே செல்லாது.