கயிற்றில் பிடித்தால் மட்டும் சீறும் சிப்பிப்பாறை

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறோம். எங்கள் சிப்பிப்பாறை ஆண் நாய்க்கு இரண்டரை வயது. வீட்டில் சாது, ஊரில் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டால் மற்ற நாய்களுடன் விளையாடுகிறது. ஆனால் செயினைப் போட்டுத் தெருவில் இறங்கினால், தூரத்தில் ஒரு நாயைக் கண்டாலே குரைத்துப் பாய்கிறது. அடித்துப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. கழுத்தை இறுக்கும் செயின் போடலாமா? கருத்தடை செய்தால் சரியாகுமா?

பதில்: விடையில் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தோட்டத்தில் விளையாடும் நாய் தெருவில் சீறுகிறது என்றால், அதன் குணத்தில் கோளாறு இருப்பதைவிடக் கயிறு அதற்கு ஏற்படுத்தும் நெருக்கடியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பின் தெரியாத இரண்டு நாய்கள் சுதந்திரமாகச் சந்திக்கும்போது நேருக்கு நேர் வருவதில்லை. வளைந்து வந்து, பக்கவாட்டில் நின்று மோப்பம் பிடித்து, ஒத்துவராவிட்டால் விலகிப் போய்விடும். கயிறு அந்த வளைவையும் விலகலையும் ஒரே நேரத்தில் பறித்துவிடுகிறது. விலக வழியில்லாத நாய், எதிரில் இருப்பதை விரட்டப் பார்க்கிறது. எதிர் நாய் தன் வழியில் போனாலும், தான் குரைத்ததால்தான் அது போனது என்று உங்கள் நாய் கற்றுக்கொள்கிறது. சில நாய்கள் பயத்தினால் இப்படிச் செய்யும். சில, போய் விளையாட முடியாத ஏமாற்றத்தினால் செய்யும். உங்கள் நாய் எந்த வகையாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: தூரம்.

இறுக்கும் செயினைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அடி விழும்போதும் கழுத்து இறுகும்போதும் அதன் கண் எதிர் நாயின் மீதுதான் இருக்கிறது. ஆகவே அந்த வலியை அது எதிர் நாயோடு சேர்த்துப் படித்துக்கொள்கிறது. நீங்கள் அடித்தபின் நிலைமை மோசமானதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உறுமலை மட்டும் அடக்கிவிட்டால், எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் ஒன்று உருவாகும் ஆபத்தும் இருக்கிறது. கருத்தடையைப் பற்றி வேறு காரணங்களுக்காகக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். பயத்தினால் வரும் சீற்றத்தை அது தீர்க்கும் என்று நம்பிச் செய்ய வேண்டாம். அப்படியே காதில் புண், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் ஏதேனும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் வலியோடு இருக்கும் நாய்க்குப் பொறுமை குறைவு.

சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கி, கழுத்தும் ஏறக்குறைய அதே சுற்றளவில் இருப்பதால், பின்னோக்கி ஒரு இழு இழுத்தால் சாதாரணக் கழுத்து பெல்ட் கழன்று கையோடு வந்துவிடும். நெஞ்சின் முன்புறம் வளையம் உள்ள, உடம்போடு பொருந்தும் ஹார்னஸ் ஒன்றை வாங்கி, அதைக் கழுத்து பெல்ட்டோடும் ஒரு சிறு கொக்கியால் இணைத்துவிடுங்கள். இரும்புச் செயினுக்குப் பதிலாக ஆறடி நீளத் துணி வார் போதும். அதைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். சற்றுத் தொய்வாகவே பிடியுங்கள். நாயைப் பார்த்தவுடன் நம் கை தானாக வாரை இறுக்குவதை நான் பலரிடம் கவனித்திருக்கிறேன். அந்த இறுக்கமே நாய்க்கு ஆபத்துக்கான முன்னறிவிப்பாகிவிடுகிறது.

இனி பயிற்சி. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம் என்பதால், மற்ற நாய்கள் கவனிக்காத தூரத்து அசைவையும் அது பிடித்துவிடும். ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அதிக தூரத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கும். எதிர் நாயைப் பார்த்தும் உங்கள் நாயால் தின்பண்டம் தின்ன முடிகிற தூரம் எதுவோ, அதுவே சரியான தூரம். அதன் முகத்தை அருகிலிருந்து பாருங்கள். நிதானமாக நடக்கும்போது வாய் சற்றுத் திறந்து நாக்கு தொங்கும். எதையோ கண்டுவிட்டால் முதலில் அந்த வாய் மூடும். பிறகு காதுகள் முன்னே வரும், உடல் எடை முன்னங்கால்களுக்கு மாறும், அதன் பின்னர்தான் குரைப்பு. பலரும் கடைசிக் கட்டத்தில்தான் செயல்படத் தொடங்குகிறார்கள். வாய் மூடுகிற அந்த ஒரு நொடிதான் உங்களுடைய நேரம்.

அந்த நொடியில் மென்மையாக "சரி" என்று ஒரு சொல் சொல்லி, உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளிக் கொடுங்கள். எதிர் நாய் கண்ணில் இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்து, அது மறைந்ததும் நிறுத்துங்கள். வரிசை முக்கியம்: முதலில் நாய் தெரிய வேண்டும், பிறகுதான் கறி வர வேண்டும். மாற்றிச் செய்தால், கறியைக் கண்டாலே நாய் வரப்போகிறது என்று அது மிரளத் தொடங்கிவிடும். சில வாரங்களில், எதிர் நாயைப் பார்த்தவுடன் அது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் நாள் வரும். கருவாட்டில் உப்பு அதிகம், தவிர்க்கவும்; உலர்திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

எதிர்பாராமல் மிக அருகில் ஒரு நாய் வந்துவிட்டால் பயிற்சியை மறந்துவிட்டு, பதற்றமில்லாத குரலில் "வா போகலாம்" என்று அழைத்து வந்த வழியே திரும்பிவிடுங்கள். இதை வீட்டு வாசலிலேயே பலமுறை பழக்கிவைக்க வேண்டும். நிறுத்தியிருக்கும் வேனோ ஆட்டோவோ நல்ல மறைப்பு.

வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: தெருநாய்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எந்தத் திருப்பத்தில், எந்த டீக்கடை வாசலில் அவை படுத்திருக்கின்றன என்பதை ஒரு வாரம் நீங்கள் மட்டும் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டு, அவற்றைத் தவிர்த்து வழியை அமையுங்கள். அவை நெருங்கினால் ஓடாதீர்கள். கல்லெடுப்பதுபோல் குனிவது நம் ஊர்ப் பழக்கம். அவை பின்வாங்கலாம், ஆனால் சண்டை தொடங்கிவிட்டதாக உங்கள் நாய் எடுத்துக்கொள்ளும். அதைவிட, ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கமாகத் தூர வீசிவிட்டு, உங்கள் நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றபடி விலகி நடப்பது மேல். கண்மாய்க் கரைகளில் தூரம் நன்றாகத் தெரியும் என்றாலும், ஒருபுறம் நீர், மறுபுறம் சரிவு என்று பக்கவாட்டில் விலக இடமிருக்காது. தொடக்கத்தில் திறந்த மைதானமே நல்லது. கோடையில் காலை ஆறரைக்குள் திரும்பிவிடுங்கள். புறங்கையை ஏழு நொடி வைத்திருக்க முடியாத தார்ச்சாலை நாயின் பாதத்தையும் சுடும்.

திருவிழா வேட்டுச் சத்தத்துக்கோ ஒரு பெரிய சீற்றத்துக்கோ பிறகு, உடலின் பதற்றம் அடங்க ஓரிரு நாள் ஆகலாம். அந்த நாட்களில் தெருநடையை விட்டுவிட்டு, மொட்டைமாடியில் கறித்துண்டுகளை ஒளித்துவைத்து மோப்பத்தால் தேட விடுங்கள்; மோப்பம் பிடிப்பது நாயை அமைதிப்படுத்தும். ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி தவறக் கூடாது. நடையில் நாய் உங்களைக் கடித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க மின்கம்பங்களை எண்ணுங்கள். இன்று எத்தனை கம்ப தூரத்தில் நாயைப் பார்த்தும் கறியைத் தின்றது என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் தவறாமல் செய்தும் அந்த எண் குறையவில்லை என்றாலோ, சீற்றத்தின் நடுவே திரும்பி உங்களையே கடித்தாலோ, அந்த நோட்டோடு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.