வேலிடேட் என்று பெயர் வைக்காதீர்கள்

கேள்வி: அலுவலகக் குழுவுக்காகப் பைத்தானில், வரும் மதிப்பு எண்ணா, எழுத்தா என்று பார்க்கும் சிறிய வகைச்சோதனை லைப்ரரி ஒன்று எழுதினேன். செக், வேலிடேட், என்ஷூர் என்று மூன்று மெத்தட். எதை எங்கே அழைப்பது என்று எல்லோரும் குழம்புகிறார்கள். பெயர்களை எப்படி மாற்றலாம்?

பதில்: குழம்பத்தான் செய்வார்கள். மூன்று பெயருக்கும் ஏறக்குறைய ஒரே பொருள். மதிப்பு தவறாக இருந்தால் மெத்தட் என்ன செய்யும்? பெயர் அதைச் சொல்ல வேண்டும். ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் 'இஸ்' என்று தொடங்குங்கள். பிழை எழுப்பி நிறுத்தினால் 'ரிக்வயர்'. மதிப்பையே மாற்றித் தந்தால் 'கன்வெர்ட்'.

வேலிடேட் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு திட்டத்தில் அந்தப் பெயர் கொண்ட மெத்தட், கணக்கு எண்களைச் சத்தமில்லாமல் முழு எண்ணாக மாற்றியது. முன்னால் இருந்த பூஜ்யங்கள் எல்லாம் போயின. சோதனைதானே என்று யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. தரவைச் சோதிக்கும் பைடான்டிக் என்ற பைத்தான் லைப்ரரியிலும் முன்பு 'பார்ஸ்' என்று தொடங்கிய மெத்தட், 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'மாடல் வேலிடேட்' ஆகிவிட்டது. இயல்பு நிலையில் அது "12" என்ற எழுத்துச்சரத்தை 12 என்ற எண்ணாக மாற்றித் தரும். பழைய பெயரே நேர்மையானது. வகையை மாற்றும் என்று நினைக்க வைக்கும் பைத்தானின் 'காஸ்ட்' இன்னும் மோசம்: நிரல் ஓடும்போது அது எதையும் சோதிக்காது, மாற்றாது. பெயர் விதிகள் என்று தடித்த கோப்பை விற்றுவிட்டுப் போகும் ஆலோசகர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பைத்தானில், 'ஆம்' என்பதைக் குறிக்கும் ட்ரூவும் ஒரு முழு எண்தான். 'எத்தனை டிக்கெட்?' என்ற இடத்தில் ட்ரூ வந்தால், சாதாரணச் சோதனை அதை ஏற்றுக்கொள்ளும். கணக்கில் அது 1 ஆகிவிடும். உங்கள் 'இஸ் இன்ட்' அதை மறுக்கிறதா? அப்படியானால் 'இஸ் இன்ட் நாட் பூல்' (முழு எண், ஆனால் ஆம்-இல்லை மதிப்பு அல்ல) என்றே வையுங்கள், நீளம் பரவாயில்லை. விடையின் பொருளை வகைச் சோதனைக்கருவிக்குச் (நிரலை ஓட்டாமலே வகைகளைச் சரிபார்ப்பது) சொல்லப் பைத்தானில் இரண்டு குறிப்புகள் உண்டு. அதன் விடைக்கு 'டைப்இஸ்' என்று குறிக்காதீர்கள், 'டைப்கார்ட்' என்று குறியுங்கள். டைப்இஸ் என்றால், 'இல்லை' என்ற விடை வந்ததும் அது முழு எண்ணே அல்ல என்று சோதனைக்கருவி முடிவு கட்டிவிடும். ட்ரூ விஷயத்தில் அது தவறு. டைப்கார்ட் என்றால் அப்படி முடிவு கட்டாது. இந்த வேறுபாட்டை இரண்டு பெயர்களில் எதுவும் சொல்லவில்லை! 2021-ல் டைப்கார்ட், 2024-ல் டைப்இஸ் என்று வந்தும் அந்தப் பெயர்களைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாது.

சரி, பழைய பெயர்கள்? ஒரு வெளியீடு வரை எச்சரிக்கையோடு வைத்திருங்கள், அடுத்ததில் நீக்கிவிடுங்கள். இரண்டு பெயரும் ஓடிக்கொண்டே இருந்தால், புதிதாகச் சேருபவர் பழையதைத்தான் நகலெடுப்பார்.