டீ, பன்னு, கையெழுத்து

கேள்வி: எங்க ஊரு சேர்வராயன் மலை அடிவாரம் சார். பக்கத்து கரட்டுல கல்லு வெட்டப் போறாங்கன்னு பந்தல் போட்டு கூட்டம் நடத்துனாங்க, டீயும் பன்னும் குடுத்து நோட்டுல கையெழுத்து வாங்குனாங்க, எங்கம்மாவும் போட்டுட்டு வந்துருச்சு. இப்ப ஊரே சம்மதிச்சாச்சுன்னு சொல்றாங்க. நெஜமாவா?
(கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: மொதல்ல அம்மாவ திட்டாத கண்ணு. நீ சொல்றத பாத்தா அது கருத்துக்கேட்பு கூட்டம், 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி நடக்கறது. வந்தவங்க பேர எழுதுன நோட்டு சம்மதப் பத்திரம் ஆகாது. ஆனா இதுல இன்னொரு கூத்து இருக்கு, ஊரே எந்திரிச்சு வேணாம்னு கத்துனாலும் அனுமதி குடுக்கறதுக்கு அதனால மட்டும் தடை கெடையாது, பேருக்கேத்த மாதிரி கருத்த கேப்பாங்க, அவ்வளவுதான். அதுக்காக போகாம இருந்துடாதீங்க. கடைசில யாரு என்ன பேசுனாங்கன்னு எழுதுனத தமிழ்ல படிச்சுக் காட்டணும், வீடியோவும் எடுக்கணும். நம்மாளுங்க முக்காவாசி பேரு டீ குடிச்சதும் கெளம்பிடறாங்க, படிக்கறப்ப பந்தல்ல சேர் மட்டுந்தான் இருக்கும். எழுப்புன பிரச்சனைங்கள பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும், போய் பாருங்க, அம்மா பேசுனது அதுல இருக்கான்னு.

அந்த கரடு வனத்துல வருதான்னும் விசாரி. வந்தா கதையே வேற. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்கு பலம் உண்டு, பாதி பேராவது வந்திருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க இருக்கணும். ஒடிசா நியம்கிரி மலைல பாக்சைட்டு, அதான் அலுமினியம் எடுக்கற தாது, வெட்டறத பத்தி கிராம சபைங்கள கேளுங்கன்னு 2013ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, கேட்ட 12 ஊரும் வேணாம்னுடுச்சு. நம்ம ஏற்காட்டுலயும் பாக்சைட்டு வெட்டுனாங்க, அப்ப அங்க இருக்கற மலையாளி பழங்குடி சனங்கள யாரு இப்படி ஊர் ஊரா உக்கார வெச்சு கேட்டாங்க? பழங்குடி பகுதில கிராம சபைக்கு பலம் குடுக்கற 1996 பெசா சட்டமும் இங்க செல்லாது, அது அரசியல் சட்டத்தோட அஞ்சாவது அட்டவணைல வர்ற பகுதிகளுக்குத்தான், தமிழ்நாட்டுல அப்படி ஒரு பகுதியே இல்லையே.

கேள்வி: மதுரை பக்கம் மேலூர்க்காரங்க தீர்மானம் போட்டே டங்ஸ்டன் சுரங்கத்த நிறுத்திட்டாங்களே, நாமளும் போட்டா போதாதா?
(வாசகர், ஓமலூர்)

பதில்: தீர்மானத்தோட அவங்க நிக்கலையேங்க. 2024 டிசம்பர்ல சட்டசபையே தீர்மானம் போட்டுச்சு, ஜனவரில மேலூர்லருந்து மதுரைக்கு சனம் தெரண்டு போச்சு, அப்புறந்தான் 2025 ஜனவரி 23 அன்னிக்கு மத்திய அரசு சுரங்க ஏலத்த ரத்து பண்ணுச்சு. நீங்களும் போடுங்க, ஆகஸ்ட் 15 கிராம சபைலயே போடுங்க, ஆனா தீர்மானத்த முழுசா எழுதி படிச்சுக் காட்டுன பொறவு கையெழுத்து போடுங்க, வெத்துப் பக்கத்துல போட்றாதீங்க.