அமெரிக்காவில் வாங்கும் அபு பெட்டி இங்கே ஓடுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா டிசம்பரில் ஊருக்கு வருகிறார். சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றும் அடங்கிய, கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனத்தின் பெட்டியை வாங்கி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். என்னிடம் இங்கே வாங்கிய சாதாரண ப்ளூ-ரே பிளேயர் இருக்கிறது. அதில் ஓடுமா? பழைய டிவிடி ஏற்கெனவே கையில் இருக்கும்போது இவ்வளவு செலவு தேவையா? (திருச்சி வாசகர்)

பதில்: அக்காவிடம் சொல்வதற்கு முன், உங்கள் பிளேயர் எந்த ரீஜன், அதாவது எந்த நாடுகளுக்கான டிஸ்க்கை ஓட்டும் என்று பாருங்கள். ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று ரீஜன்கள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. கிரைட்டீரியன் அமெரிக்காவில் வெளியிடும் ப்ளூ-ரேக்கள் ஏ ரீஜனுக்கென்றே பூட்டப்பட்டவை. உங்கள் பிளேயரில் போட்டால் ரீஜன் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிவிடி பிளேயரில் ரிமோட்டில் சில எண்களைத் தட்டி ரீஜனை எடுத்துவிட்ட பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ப்ளூ-ரேயில் அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இதற்கு நல்ல வழி, ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படம் தரும் 4கே யுஎச்டி டிஸ்க். அந்த வகை டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. அபு படங்களுக்கு 4கே பெட்டியும் வந்திருக்கிறது. அதைப் போட யுஎச்டி பிளேயர் வேண்டும். வீட்டில் டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் அதுவே போதும். டிவி 4கே இல்லையென்றாலும் பரவாயில்லை, பிளேயரே படத்தைச் சாதாரண எச்டி அளவான 1080-க்குக் குறைத்துக் காட்டிவிடும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கிரைட்டீரியன் 4கே பெட்டிகளில் பொதுவாகப் படம் யுஎச்டி டிஸ்க்கில் இருக்கும். பேட்டிகள், ஆவணப்படங்கள் போன்றவை கூடவே வரும் ப்ளூ-ரேயில் இருக்கும். அந்த ப்ளூ-ரே ஏ ரீஜன்தான். ஆக, படத்தை இங்கே பார்க்கலாம், பேட்டிகளைப் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் எல்லா ரீஜன் டிஸ்க்கையும் ஓட்டும்படி ரீஜன் பூட்டை நீக்கிய பிளேயர்தான் வாங்க வேண்டும். அதை அமெரிக்காவில் வாங்குவதாக இருந்தால், 230 வோல்ட்டில் இயங்குமா என்று பார்த்த பிறகு பணம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, செலவு தேவையா என்கிறீர்கள். இந்தப் பெட்டிக்கு நான் தயங்காமல் ஆமாம் என்பேன். 1993 ஜூலையில் லண்டன் ஹெண்டர்சன் ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது அபு படங்களின் மூல நெகட்டிவ்களும், அதாவது கேமராவில் ஓடிய அசல் ஃபிலிமும், அதில் சிக்கின. கருகி, சுருங்கி, எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாத நிலைக்குப் போன அந்தச் சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் ஆவணக் காப்பகம் எடுத்து வைத்துக்கொண்டது. இருபது ஆண்டு கழித்து அவை இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாட்டா கூடத்துக்குப் போயின. அங்கே உலர்ந்த ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகிய டேப்பையும் பசையையும் நீக்கி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே சீராக்கி ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதத்துக்கு மேல், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேல் மூல நெகட்டிவிலிருந்தே மீட்டார்கள். 'அபுர் சன்சா'ருக்கு அந்த நெகட்டிவ் உதவவில்லை. அதற்கும் மற்ற விடுபட்ட பகுதிகளுக்கும் வேறு காப்பகங்களில் இருந்த நகல்களை வைத்துக்கொண்டார்கள். இந்த மீட்புப் பிரதி 2015-ல்தான் வெளியே வந்தது. உங்கள் டிவிடி அதற்கு முந்தையது என்றால், அதில் இருப்பது வேறு பிரதி.

வித்தியாசத்தைப் பார்க்க 'அபராஜிதோ'வின் காசி வீட்டுக் காட்சிகளைப் போடுங்கள். செட்டின் மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் விளக்கை அடித்து, பட்டுத் திரும்பும் ஒளியில் படமாக்கினார் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. முற்றத்தில் விழும் அந்த மங்கிய பகல் வெளிச்சம், கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே படிப்படியாக இறங்கும். சுமாரான பிரதியில் அந்தப் படிகள் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும்.

இதை வைத்து 'ஸ்பெஷல் எடிஷன்' என்று போட்டதையெல்லாம் வாங்கத் தொடங்கிவிடாதீர்கள். 2010-ல் வந்த 'பிரிடேட்டர்' அல்டிமேட் ஹன்டர் எடிஷனில் ஃபிலிமில் இயல்பாகவே தெரியும் நுண்ணிய புள்ளிகளான கிரெய்னை மொத்தமாக வழித்துவிட்டதால், அர்னால்ட் முகம் மெழுகுப் பொம்மை போல ஆகிவிட்டது. பெயர் பெரிது, படம் பாழ். அட்டையின் பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்ற தகவலைத்தான். மூல நெகட்டிவ் என்று இருந்தால் நம்பிக்கை வரும். எதுவுமே சொல்லாமல் 'டிஜிட்டலில் மெருகேற்றியது' என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அடுத்து எந்த வடிவம் என்று பார்ப்பேன். 'பிளேட் ரன்னர்' ஒரு படத்துக்கே 1982-ல் தியேட்டரில் வந்தது, 1992-ன் டைரக்டர்ஸ் கட், 2007-ன் ஃபைனல் கட் என்று பல உண்டு. நீங்கள் தேடுவது அந்த டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டீல்புக் என்ற உலோகப் பெட்டி, ஸ்லிப்கவர் என்ற மேலட்டை எல்லாம் அதன் பிறகு.

விலைக்கு ஒரு யோசனை. அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் பாதி விலைக்குப் போவது வழக்கம். அக்கா டிசம்பரில்தானே வருகிறார், நவம்பரிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அதற்காக எந்தப் படத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். 'தி தேர்ட் மேன்' உரிமை 2010-ல் கைமாறியதும் கிரைட்டீரியன் பதிப்பு புதிதாக வருவது நின்றுபோய், பழைய பிரதிகளின் விலை எகிறியது.

பெட்டியைச் சூட்கேஸில் அமுக்காமல் கைப்பையில் எடுத்துவரச் சொல்லுங்கள். டிஸ்க்கை நடுவில் பிடித்திருக்கும் பல் உடைந்தால் வழியெல்லாம் டிஸ்க் உருண்டு கீறல் விழும். வந்ததும் மூன்று படங்களையும் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கேயாவது சிக்கி நின்றால், அக்கா திரும்பிப் போகும்போதே கொடுத்தனுப்பி மாற்றிக்கொள்ளலாம். பில்லையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.