ஒன்பது வயதுப் பையனுக்கு நார்சிசமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கேரம் ஆட்டத்தில் தோற்றால் போர்டைத் தள்ளிவிடுகிறான். ‘கிளாஸ்லயே நான்தான் பெஸ்ட்’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறான். ஒரு கவுன்சலிங் மையத்தில் 20 கேள்விகள் கேட்டுவிட்டு, “இது நார்சிசம். கைக்குழந்தையை விட்டு நீங்கள் வேலைக்குப் போனதால் வந்தது” என்றார்கள். 12 அமர்வுகளுக்கு 24,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். நான்தான் காரணமா?

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நார்சிசம் என்பது தன்னை எல்லாருக்கும் மேலாக நினைக்கும் ஆளுமைக் கோளாறு. 18 வயதுக்குக் கீழே இந்த நோய்ப்பெயரைப் பொதுவாகச் சூட்டுவதில்லை. குணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. 20 கேள்வியில் அதைத் தீர்மானிக்க யாராலும் முடியாது.

உங்களைப் பயமுறுத்த அவர்கள் எடுத்துக்கொண்டது, மனதின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வின் ஒரு துண்டு. முழுசாகப் பார்த்தால் அது உங்களுக்கு ஆறுதல்தான் தரும். கைக்குழந்தை தன்னையே உலகமாக நினைப்பது இயல்பு என்று அதைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1914-லேயே எழுதிவிட்டார். சிகாகோவில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ஸ் கோஹட் அந்தக் கருத்தை இன்னும் விரித்தார். ‘என்னைப் பார்’ என்று பிள்ளை வரும்போது பெற்றவர் முகம் மலர வேண்டும். கூடவே சின்னச் சின்ன ஏமாற்றங்களும் அதற்குக் கிடைக்க வேண்டும். தாங்கக்கூடிய அந்த ஏமாற்றங்களில்தான் ‘நான் ராஜா’ என்ற எண்ணம் மெல்லத் தணிந்து தன்மதிப்பாக மாறுகிறது. இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ கெர்ன்பெர்க் வேறு மாதிரி சொன்னார்: உள்ளே பாசமில்லாத, பிள்ளையின் திறமையை மட்டும் கொண்டாடுகிற வீட்டில், கோபத்தையும் பொறாமையையும் மறைக்கும் கவசமாகப் பெருமை வளர்கிறது என்று. இருவருமே பேசுவது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உறவைப் பற்றி. அம்மா ஆபீஸ் போனதைப் பற்றி அல்ல.

நெதர்லாந்தில் 565 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில் பாசக்குறைவு நார்சிசத்தோடு பொருந்தவே இல்லை. ‘என் பிள்ளை மற்றவர்களைவிட உசத்தி’ என்று பெற்றோர் நினைப்பதுதான் பொருந்தியது. அதனால் “நீதான் பெஸ்ட்” என்று வீட்டில் யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாகத் தாத்தா பாட்டி. “இந்தக் கணக்கை விடாமல் போட்டாயே” என்று சொல்லச் சொல்லுங்கள். போர்டைத் தள்ளினால், “தோத்தது கஷ்டமா இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டு, சிதறிய காய்களை அவனையே பொறுக்க வையுங்கள். ஜெயிக்கவிட்டுச் சமாதானம் செய்யாதீர்கள். நாலு பேர் முன் கேலியும் செய்யாதீர்கள்.

இப்போது அந்த மையம். ‘இன்னர் சைல்டு ஹீலிங்’, ‘டிராமா கோச்’ என்று மூன்று நாள் ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு எத்தனை பேர்! முதல் நாளே நோய்ப்பெயர், முதல் நாளே தாய்மேல் பழி, முதல் நாளே முழுப்பணம். இந்த மூன்றும் சேர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவே பதில். யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு மாட்டலாம் என்று இத்தனை வருடம் விட்டுவைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. பள்ளிக்கு ஒரு முறையான ஆலோசகர் இருந்திருந்தால் நீங்கள் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே இப்படி இருப்பது வேறு. சாதாரணமாக இருந்தவன் சில நாட்களில் திடீரென மாறுவது வேறு. பதின்வயதில் இது முக்கியம். மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல், ஆனால் களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசி, தனக்கு விசேஷ சக்தி இருப்பதாகச் சொன்னால், அதைத் திமிர் என்று நினைத்துத் திட்டாதீர்கள். அது பெரும்பாலும் மருந்தால் கட்டுப்படும் மனநிலை நோயாக இருக்கும். ‘குணம் சரியாகட்டும்’ என்று கவுன்சலிங்கில் மாதங்களைக் கழித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அப்படியானால் அன்றே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மகனுக்கு இப்போது அது எதுவும் தேவைப்படவில்லை.